பள்ளத்து லயத்து அதிரசம்

அதிரச மாவு இன்னும் விறைப்பாகவே இருந்தது. சவரியாயி பானையின் வாயைக் கட்டியிருந்த துணியை அவிழ்த்து, ஒரு விள்ளல் கிள்ளி உள்ளங்கையில் வைத்துத் தட்டிப் பார்த்தாள். ஓரமெல்லாம் வெடித்தது. ராகலை மலையில் மார்கழிக் குளிர் எதையும் லேசில் இளகவிடுவதில்லை. காலையில் பீலியில் தண்ணீர் பிடிக்கப் போனபோது, கீழே மரக்கறித் தோட்டத்து முட்டைக்கோவா இலைகளில் உறைபனி உப்புக் கொட்டினாற்போல் கிடந்தது. அவள் துணியைக் கட்டி, மழைக்காலத்தில் தலையில் போர்த்திக்கொண்டு கொழுந்தெடுத்த பழைய கம்பளியைப் பானையைச் சுற்றி இறுக்கி, அடுப்போரமாக நகர்த்தி வைத்தாள். காய்ச்சல்காரப் பிள்ளையைப் படுக்கவைப்பது போல இருந்தது அது. இன்னும் இரண்டு நாள் இப்படியே கிடந்தால் பதத்துக்கு வந்துவிடும். கிறிஸ்து பிறந்த நத்தாருக்குச் சுட்டுவிடலாம்.

வயசாகிவிட்டதென்று தோட்டத்து வேலைப் பதிவில் பேர் வெட்டி வீட்டோடு இருக்கச் சொன்ன பிறகு அவளுக்கு வேறு வேலையும் கிடையாது. அவள் குடியிருந்த மேட்டு லயத்தின் வரிசை வீடுகளில் வேதக்காரக் குடும்பங்கள் இரண்டோ மூன்றோதான்; மற்றவர்கள் மாரியம்மனைக் கும்பிடுகிறவர்கள். ஆனாலும் நத்தார் வந்தால் சவரியாயி வீட்டுப் பலகாரம் லயம் முழுவதற்கும் போகும். சோமாசு, அச்சு முறுக்கு, எல்லாவற்றுக்கும் மேலாக அதிரசம். இந்தியாவிலிருந்து வரும் சர்க்கரையில் அவள் பாகு காய்ச்சுவதில்லை. சிங்களக் கிராமத்திலிருந்து வரும் கித்துள் கருப்பட்டிதான் வேண்டும். அதில் கொஞ்சம் சுக்கும் ஏலக்காயும் தட்டிப்போட்டு அவள் சுடும் அதிரசம் கறுத்து, நடுவில் பஞ்சுபோல இருக்கும். தீபாவளிக்கு மற்றவர்கள் அனுப்பும் தட்டுகளுக்கு அதுதான் பதில்.

போன வருஷம் மட்டும் அவள் அடுப்பில் எண்ணெய்ச் சட்டி ஏறவில்லை. ஆனி மாத அடைமழையில் ரோட்டு வேலைக்குப் போன அவளுடைய ஒரே மகன் சந்தியாகுமேல் மண்மேடு சரிந்து விழுந்திருந்தது.

அவன் செத்தது அவளுக்கு இரண்டாவது தடவை. முதல் தடவை, பள்ளத்து லயத்து அம்மாக்கண்ணுவைக் கட்டிக்கொள்ளப் போவதாக அவன் வந்து நின்ற நாளில். அம்மாக்கண்ணுவும் வேதக்காரிதான். அதே மாதா கோயிலில், அதே சாமியார் கையால் தலையில் தண்ணீர் வாங்கியவள்தான். ஆனால் கோயிலுக்குள் மேட்டு லயத்தார் வலது பக்கமும் பள்ளத்து லயத்தார் இடது பக்கமும் உட்கார்ந்தார்கள். அப்படி உட்காரச் சொல்லி யாரும் எழுதி வைக்கவில்லை. கப்பலேறி வந்தபோது மூட்டை முடிச்சோடு அதுவும் கூடவே வந்திருந்தது. "அவ வீட்டுத் தண்ணிய குடிச்சேன்னா எம் மூஞ்சில முழிக்காத" என்று சவரியாயி சொன்னாள். அவன் முழிக்கவில்லை. பள்ளத்து லயத்தில் மாமனாரின் ஒற்றை அறைக் காம்பராவிலேயே குடியிருந்தான். இரண்டு பிள்ளைகள் பிறந்தன. மூத்தவள் செபமாலை. அடுத்தவனுக்குத் தன்னுடைய செத்துப்போன அப்பனின் பெயரையே வைத்தான், மதலைமுத்து என்று. அதைக் கேள்விப்பட்ட அன்று சவரியாயி கொழுந்துக் கூடையை மலையிலேயே விட்டுவிட்டு வந்து கதவைச் சாத்திக்கொண்டு படுத்தாள். கோபத்தாலா வேறெதனாலா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

அவன் உடலைப் பள்ளத்து லயத்தில்தான் கிடத்தியிருந்தார்கள். மேட்டு லயத்துப் பெண்கள் அவளைச் சுற்றி உட்கார்ந்து அழுதார்கள். ஒருத்தியும் எழுந்து வா என்று சொல்லவில்லை. அவளும் எழுந்திருக்கவில்லை. கல்லறைக்குப் போகும் வழியில் பெட்டி மேட்டு லயத்தைத் தாண்டியபோதுதான் ஓடிப்போய் விழுந்தாள். மூடிய பெட்டி. முகத்தைக் கீழேயே பார்த்து முடித்துவிட்டிருந்தார்கள்.

இங்கிலாந்து மகாராணி இலங்கைக்கு வந்துபோன இந்த வருஷம், ஐப்பசி மழை முடிந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசையில் செபமாலையின் பின்கழுத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள் சவரியாயி. நடுவில் குழி விழுந்து, மயிர் சுழித்து, சந்தியாகுவின் கழுத்து அப்படியே இருந்தது. வீட்டுக்கு வந்ததும் பக்கத்துக் காம்பரா மீனம்மாவைக் கூப்பிட்டாள். மீனம்மா இன்னும் மலைக்குப் போகிறவள். கொழுந்து நிறுக்கும் இடத்தில் எல்லா லயத்துப் பெண்களையும் பார்ப்பவள்.

"நத்தாருக்குப் புள்ளைங்கள அனுப்பச் சொல்லு மீனம்மா. பலகாரம் சுடுறப்பவே வரட்டும்."

மறுநாள் மாலை மீனம்மா பதிலோடு வந்தாள். "பலகாரம் சுட அனுப்புறாளாம் அக்கா. ஆனா நத்தார் அன்னிக்கு தனியா அனுப்ப மாட்டாளாம். அப்பன் இல்லாத புள்ளைங்க, நானும் கூட வருவேன், வரச் சொன்னா வாறோம்னு சொல்றா."

சவரியாயி இரண்டு நாள் வேலையைத் தேடித் தேடிச் செய்தாள். பிறகு, சாணி மெழுகிக்கொண்டிருந்த கையை நிறுத்தாமல், "வரட்டும்" என்றாள்.

நத்தார் நெருங்கி, பிள்ளைகள் முதல் தடவை வந்த மாலை, அரிசி இடிக்கும் சத்தம் கேட்டு லயமே எட்டிப் பார்த்தது. எதிர்க் காம்பரா ஆண்டியப்பன் கங்காணி வெற்றிலையைத் துப்பிவிட்டு இஸ்தோப்புத் திண்ணையில் இருந்தபடியே சொன்னார்: "மாவுல கை வக்கிதே அந்தப் புள்ள. அத நாங்க திங்கணுமா?"

"எம் மவன் புள்ள மாமா அது. திங்கிறவுக திங்கலாம். மாட்டாதவுக சும்மா இருக்கலாம்" என்றாள் சவரியாயி. சொல்லிவிட்டு உலக்கையை வாங்கி இடித்தாள். கங்காணியை எதிர்த்து அவள் வாய் திறந்தது அதுதான் முதல் தடவை. பெரிய மலை ஒன்றை ஏறி இறங்கியதுபோல இருந்தது அவளுக்கு. இதற்குமேல் ஏறவேண்டிய மலை எதுவும் இல்லை என்றுதான் நினைத்தாள்.

பையனை எப்படிக் கூப்பிடுவதென்று அவளுக்குத் தெரியவில்லை. புருஷன் பெயரை வாயால் சொல்லிப் பழக்கமில்லை. "ஐயா, இங்க வாங்க" என்றாள். அவன் திரும்பிப் பார்த்துவிட்டு, வேறு யாரையோ கூப்பிடுகிறாள் என்று பேசாமல் இருந்தான். செபமாலை விழுந்து விழுந்து சிரித்தாள். சவரியாயிக்கும் சிரிப்பு வந்தது. முகத்தில் எங்கோ துருப்பிடித்துக் கிடந்த ஒன்று சத்தத்தோடு திறந்த மாதிரி இருந்தது. அப்புறம் தினமும் பள்ளிக்கூடம் விட்டதும் வந்தார்கள். தேயிலைத் தூரிலிருந்து பாசி உரித்துவந்து, காய்ந்த பெரணியைக் கூரையாக்கி, மூலையில் நத்தார்க் குடில் கட்டினார்கள். பையன் களிமண்ணில் மாடு செய்தான். அது நாய்போல இருந்தது; கொம்பு வைத்ததும் மாடானது. சோமாசு ஓரத்தை மடிப்பதில் செபமாலைக்குச் சின்ன விரல் வாகாக இருந்தது. பாகு காய்ச்சும்போது அவள் பக்கத்தில் குந்தியிருந்து, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டு உருட்டிப் பார்த்து, "இன்னுங் கொஞ்சம் அப்பாயி" என்றாள்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?"

"அப்பா இப்பிடித்தான் பாக்கும். நத்தாருக்கு எங்க வீட்ல அப்பாதான் பாகு காய்ச்சும். எங்கம்மா இப்பிடித்தான் செய்யும்னு சொல்லும். ஒருக்கா தீஞ்சு போச்சு. அப்ப அழுதுச்சு."

"யாரு, ஒங்கம்மாவா?"

"அப்பா."

சவரியாயி கரண்டியைப் பாகில் விட்டுக் கிண்டிக்கொண்டே இருந்தாள். அன்றைய பாகு பதம் தவறிக் கல்லாகிவிட்டது. வேறு கருப்பட்டி உடைத்துப் போட்டாள்.

நத்தார் அன்று காலை நல்ல வெயில். சாமியார் பல தோட்டங்களுக்குப் போகவேண்டியவர் என்பதால் பூசை சீக்கிரம் முடிந்தது. சவரியாயி வேகமாக வீட்டுக்கு வந்து, இஸ்தோப்பைக் கூட்டி, சாக்கு விரித்து, தம்ளர்களைச் சாம்பல் போட்டுத் துலக்கினாள். பிள்ளைகளுக்கு என்று நுவரெலியாவில் வாங்கிவரச் சொன்ன சீத்தைத் துணிச் சட்டையும் கால்சட்டையும் மடித்து வைத்திருந்தாள். அவர்கள் சரிவில் ஏறிவருவது தெரிந்தது. முன்னால் பிள்ளைகள். பின்னால் வெள்ளைச் சேலையில் அம்மாக்கண்ணு, கையில் வெள்ளைத் துணி மூடிய எனாமல் தட்டோடு.

பிள்ளைகள் குடிலைப் பார்க்க உள்ளே ஓடிவிட்டன. அம்மாக்கண்ணு படிக்குக் கீழே நின்றாள். இவ்வளவு கிட்டத்தில் சவரியாயி அவளைப் பார்த்ததாக ஞாபகம் இல்லை. மெலிந்து, கன்னத்து எலும்பு தெரிய, மகனைவிட வயசானவள்போல இருந்தாள்.

"வா. உக்காரு" என்று சாக்கைக் காட்டினாள் சவரியாயி.

அம்மாக்கண்ணு ஏறி வந்து தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். "அதிரசம் அத்தை. அவரு சொல்லிக்குடுத்த மாதிரி சுட்டேன்."

சவரியாயியின் கைகள் மாவு படிந்தவைபோல முந்தானையில் துடைத்துக்கொண்டன. "அப்பிடி வையி" என்று திண்டைக் காட்டினாள். அம்மாக்கண்ணு வைத்தாள். பிறகு சாக்கில் கால்களை மடித்து உட்கார்ந்து, எதிரே தெரிந்த மலையைப் பார்த்தாள்.

உள்ளே தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது. சவரியாயி சீனி நிறையப் போட்டு, டின்பாலையும் ஊற்றினாள். பிள்ளைகள் இரண்டுக்கும் துலக்கிய தம்ளர்களில் ஊற்றிக் கொடுத்தாள். பிறகு கேத்தலோடு வெளியே வந்தாள். இஸ்தோப்புச் சுவரில், விறகு அடுக்குக்கு மேலே, ஒரு பொந்து இருந்தது. விறகு பிளக்க வருகிற பள்ளத்து லயத்து ஆட்களுக்கென்று ஒரு பழைய டின்பால் டின்னை அதில் கவிழ்த்து வைத்திருப்பாள். அவள் கை போய் அதை எடுத்தது. எடுத்ததும், ஊற்றியதும், நீட்டியதும் எல்லாம் கைதான். யாராவது பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்று சொல்லவும் வழியில்லை. ஆண்டியப்பன் கங்காணி கந்தப்பளையில் மகள் வீட்டுக்குப் போயிருந்தார். லயத்து இஸ்தோப்புகள் வெறிச்சென்று கிடந்தன.

அம்மாக்கண்ணு டின்னைப் பார்த்தாள். பிறகு முந்தானையை மடித்து அதைச் சுற்றிப் பிடித்து வாங்கிக்கொண்டாள்.

செபமாலை தம்ளரோடு நிலைப்படியில் நின்றுகொண்டிருந்தாள். எப்போது வந்தாளோ.

"எனக்கும் அதுலயே குடுங்க அப்பாயி."

"அது ஒனக்கு வேணாம் தாயி. தகரம். கையச் சுட்டுரும்."

"அம்மா கையச் சுடாதா?"

குழந்தை கேட்டது துடுக்காக இல்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளக் கேட்டதுபோல இருந்தது. உள்ளே போய்த் தம்ளர் எடுத்துவர இரண்டெட்டுத்தான். அந்த இரண்டெட்டை வைக்க சவரியாயி நினைத்தாள். நினைத்துக்கொண்டே கேத்தலைப் பிடித்தபடி நின்றாள்.

"சும்மா இரு புள்ள" என்றாள் அம்மாக்கண்ணு. தேத்தண்ணியை ஒரு சொட்டு மிச்சம் வைக்காமல் குடித்தாள். எழுந்து, வாசல் வடிகானோரம் போய், டின்னைக் கழுவி, கொண்டுவந்து அதே பொந்தில் அதேபோலக் கவிழ்த்து வைத்தாள். யாரும் இடம் காட்ட வேண்டியிருக்கவில்லை. சின்ன வயசில் அப்பனோடு விறகு பிளக்க அந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள் என்பது அப்போதுதான் சவரியாயிக்கு ஞாபகம் வந்தது. அப்பன் பிளந்துபோட, பொறுக்கி அடுக்கிய ஒல்லிப் பெண்.

"அவரு ஒங்களப் பத்திப் பேசாத நாளில்ல அத்தை" என்றாள் அம்மாக்கண்ணு. குரலில் கோபம் இல்லை. "எங்கம்மா கோவக்காரி, ஆனா ஒரு நாளைக்கு ஒன்னிய வீட்டுக்குள்ள கூப்பிடும்னு சொல்லுவாரு. சாவுற வருஷம் வரைக்கும் சொன்னாரு." பிறகு பிள்ளைகளைக் கூப்பிட்டாள். புதுத் துணியையும் பலகாரப் பொட்டலத்தையும் சவரியாயி கொண்டுவந்தபோது செபமாலை கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள். "வாங்கிக்க. ஒங்கப்பா வீட்டுது" என்று அம்மாக்கண்ணுதான் வாங்கவைத்தாள். சரிவில் இறங்கும்போது பையன் மட்டும் இரண்டு தடவை திரும்பிப் பார்த்துக் கைகாட்டினான். அவன் களிமண் மாடு உள்ளே காய்ந்துகொண்டிருந்தது.

எனாமல் தட்டு திண்டிலேயே இருந்தது. மத்தியானம் மீனம்மா பலகாரத் தட்டு வாங்க வந்தவள், துணியை விலக்கி ஒன்றை எடுத்துக் கடித்தாள். "இந்த வருஷம் அமிர்தமா இருக்குக்கா. எப்பயும்போல ஒங்க கைப்பக்குவம்" என்றாள்.

"அது நான் சுட்டதில்ல."

மீனம்மா கையிலிருந்ததைப் பார்த்தாள். மீதியையும் தின்று முடித்துவிட்டுத்தான் போனாள். சவரியாயி ஒன்றை எடுத்து மூக்கருகே கொண்டுபோனாள். கித்துள் வாசம், சுக்கு, கடைசியாக ஏலக்காய். அம்மாக்கண்ணு எண்ணெயை ஒட்டப் பிழிந்திருந்தாள். ஓரம் வெடிக்கவில்லை. பள்ளத்து லயத்துக் குளிரில் அந்த மாவை எதைப் போர்த்திப் பதப்படுத்தினாளோ. சவரியாயி அதைத் திரும்பத் தட்டில் வைத்தாள். பிறகு அதை எடுப்பதும் வைப்பதுமாக நாலைந்து நாள் போயிற்று. பூசணம் பூத்த பிறகு, தேயிலைச் செடிக்கு அடியில் குழி பறித்துப் போட்டு மூடினாள்.

பிள்ளைகள் வரவில்லை. வருஷப்பிறப்புக்கும் வரவில்லை. ஞாயிறு பூசையில் செபமாலை ஒரு தூணுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள், கழுத்து தெரியவில்லை. மூன்று ராசாக்கள் திருநாள் முடிந்து குடிலைப் பிரிக்கும் நாளில், சவரியாயி நாலு நாள் முன்னே பிசைந்து வைத்த புது மாவில் அதிரசம் சுட்டாள். வந்த தட்டை வெறுமையாகத் திருப்பக்கூடாது. எனாமல் தட்டைத் துலக்கி அதில் அடுக்கி, அதே வெள்ளைத் துணியால் மூடி, பகல் வெளிச்சத்திலேயே, லயத்தார் பார்க்கப் பார்க்க, சரிவில் இறங்கினாள். "எங்க போறீங்க அக்கா?" என்று யாரோ கேட்டார்கள். "பேரப்புள்ளைங்கள பாக்க" என்றாள் உரக்க.

வாழ்நாளெல்லாம் மேலிருந்து பார்த்த கூரைகள் கிட்டத்தில் வேறாக இருந்தன. அதே தகரம், அதே புகை, அதே இஸ்தோப்பு, அதே கான். அம்மாக்கண்ணு வாசலில் விறகு காயவைத்துக்கொண்டிருந்தாள். அவளைப் பார்த்ததும் சேலையைச் சரிசெய்துகொண்டு வந்து, தட்டை இரண்டு கையாலும் வாங்கினாள்.

"உள்ள வாங்க அத்தை."

"இருக்கட்டும். மழ வர்ற மாதிரி இருக்கு."

அம்மாக்கண்ணு வற்புறுத்தவில்லை. உள்ளே போனாள். பையன் ஓடிவந்து காலைக் கட்டிக்கொண்டான். அவன் தலையைத் தடவியபடி சவரியாயி நின்றாள். சொல்லவேண்டியதை வழியெல்லாம் கோத்துக்கொண்டு வந்திருந்தாள். தப்பா நெனச்சுக்காத தாயி, பழகின கை. அதை எங்கே தொடங்குவது என்று தேடிக்கொண்டிருக்கும்போதே செபமாலை வெளியே வந்தாள். கையில் பூப்போட்ட கண்ணாடிக் கிளாஸ். விருந்தாளிக்கென்று எடுத்துவைத்தது என்பது பார்த்தாலே தெரிந்தது. விளிம்பு வரை தேத்தண்ணி. சிந்தாமல் இரண்டு கையாலும் பிடித்து, கண்ணை அதைவிட்டு எடுக்காமல், அடிமேல் அடிவைத்து வந்து, அப்பாயியின் முன்னால் நின்று நீட்டினாள்.

"வேணாந் தாயி, இப்பதான் குடிச்சிட்டு வந்தேன்."

சொல்லி முடிந்த பிறகுதான் அது தன் வாயிலிருந்து வந்தது என்று சவரியாயிக்குத் தெரிந்தது. காலையிலிருந்து அவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடித்திருக்கவில்லை. கையை நீட்டிவிட்டால் போதும். கை பையனின் தலைமேலேயே இருந்தது.

செபமாலை கொஞ்ச நேரம் கிளாஸை நீட்டியபடியே நின்றாள். பிறகு தலையை ஆட்டினாள், எதிர்பார்த்த ஒன்றைக் கேட்டவள்போல. திரும்பிப்போய் இஸ்தோப்புப் படியில் உட்கார்ந்து ஊதி ஊதி ஒரு வாய் குடித்தாள். பையன் சவரியாயியின் கையிலிருந்து நழுவி ஓடி, "எனக்கு, எனக்கு" என்றான். அவனுக்குக் கொடுத்தாள். கதவோரம் வந்து நின்ற அம்மாவுக்கு அவன் நீட்டினான். அம்மாக்கண்ணு குனிந்து அவன் கையிலிருந்தபடியே ஒரு மிடறு குடித்தாள். கிளாஸ் மறுபடி செபமாலையிடம் வந்தது. தூறல் விழ ஆரம்பித்திருந்தது. அடியில் தங்கிய சீனியைப் பையன் விரல்விட்டு வழித்துச் சப்பிக்கொண்டிருந்தான். வாசலில், வெறுங்கையோடு, சவரியாயி நனைந்துகொண்டு நின்றாள்.